திருமணத்துக்கு முன் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இது தாம்பத்தியம் பற்றிய கடிதம். ஒரு தாய் மகனிடம் இதைப் பேசுவது நம் ஊரில் வழக்கமில்லை. அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். "மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நீ, நீயே எழுது" என்றுவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்தப் பிரிவில் நான் பார்த்த எத்தனையோ பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால், அவர்கள் மருத்துவமனைப் படியே ஏறியிருக்க மாட்டார்கள்.

ஒரே மாதிரி இளைஞன் அடிக்கடி வருவான். ஆள் மாறும், கதை மாறாது. கூட வந்த தாய், "பெண் பார்க்கலாம் என்றால் எரிந்து விழுகிறான், சரியாகத் தூங்குவதில்லை" என்பாள். அவளை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால், பையன் பையிலிருந்து ஒரு லேகிய டப்பாவையும், மடித்து மடித்து நைந்துபோன ரசீதுகளையும் எடுத்து மேஜை மேல் வைப்பான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் அறை எடுத்து உட்காரும் வைத்தியர் கொடுத்தவை. சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது, ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம், இப்படியே கல்யாணம் செய்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை பாழ் என்று சொல்லிச் சொல்லி, சம்பளத்தையெல்லாம் உருவியிருப்பார். ஒரு பையன் வண்டியை விற்றுப் பணம் கட்டியிருந்தான். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ரத்தம் விந்தாக மாறுவதில்லை. விந்து உடலில் ஓயாமல் சுரந்துகொண்டே இருப்பது. அதில் பெரும்பகுதி புராஸ்டேட்டும் விந்துப் பைகளும் சுரக்கும் நீர்தான். உயிரணுக்கள் மிகச் சிறு பங்கு. வெளியேறாத அணுக்களை உடலே கரைத்து எடுத்துக்கொள்ளும். சுய இன்பத்தால் நரம்பு தளராது, கண் மங்காது, ஆண்மை போகாது. ஆனால் போய்விடும் என்ற பயம் நிஜமான நோயைக் கொண்டுவந்துவிடும். களைப்பு, படபடப்பு, பசியின்மை, மனச்சோர்வு எல்லாம் வரும். 1960ஆம் ஆண்டில் என். என். விக் என்ற நம் நாட்டு மனநல மருத்துவர் இதற்குத் 'தாது' நோய்க்குறி என்று பெயர் வைத்தார். இந்தியர்களுக்கு மட்டுமே உள்ள பயம் என்று எண்ணிவிடாதே. சுவிட்சர்லாந்து மருத்துவர் டிசோ 1760ஆம் ஆண்டிலேயே இதே பயத்தை எழுதிப் பரப்பினார். நூறாண்டுக்கு மேல் ஐரோப்பா அதை நம்பியது.

இந்தப் பயத்தோடு முதலிரவு அறைக்குள் போகிறவனுக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். விறைப்பு என்பது நாம் உத்தரவு போட்டு வரவழைப்பது அல்ல. மனம் தளர்ந்து அமைதியாக இருக்கும்போது இயங்கும் நரம்புகள் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்களை நெகிழ்த்துகின்றன, ரத்தம் நிறைகிறது. பயந்தால் அட்ரினலின் சுரந்து அதே குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 'முடியுமா, முடியாதா' என்று ஒருவன் தன்னையே கண்காணிக்கத் தொடங்கினால் முடியாமல்தான் போகும். மறுநாள் பயம் இரட்டிப்பாகும். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். தன் உறவையே ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவனாக அவன் ஆகிவிடுகிறான் என்று 1970ஆம் ஆண்டில் எழுதினார்கள். அவர்கள் கொடுத்த சிகிச்சை எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் கட்டத்தில் உடலுறவே கூடாது என்று தம்பதியிடம் சொல்லிவிடுவார்கள். தொடுவது, தடவுவது, எது இதமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்வது, அவ்வளவுதான். சாதிக்க வேண்டியது எதுவும் இல்லை என்றானதும் பயம் விலகும், உடல் தன் வேலையைப் பார்க்கும். எங்கள் மருத்துவரும் இதையேதான் சொல்லி அனுப்புவார். பலர் அடுத்த முறை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உள்ள கின்சி நிறுவனத்தில் ஜான் பேங்கிராஃப்ட், எரிக் யான்சன் என்ற இருவர் பின்னாளில் இதை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். காம உணர்வுக்கு மூளையில் ஆக்ஸிலேட்டர் ஒன்றும் பிரேக் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள். இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஒருவருக்கு ஆக்ஸிலேட்டர் லேசாகத் தொட்டாலே வேலை செய்யும், இன்னொருவருக்குப் பிரேக் கூர்மையாக இருக்கும். பிரேக்கில் கால் இருக்கும்வரை ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் பயனில்லை. லேகியம், மாத்திரை, கைபேசியில் பார்க்கும் படம் எல்லாம் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவை. பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

நித்யாவின் பக்கமிருந்து யோசித்துப் பார். இருபத்தைந்து வருடம் 'அடக்கமாக இரு' என்று வளர்த்த பெண்ணை, ஒரே ராத்திரியில் எல்லாவற்றுக்கும் தயாராக இரு என்கிறோம். புது வீடு, புது ஆட்கள், பக்கத்து அறையில் மாமனார் மாமியார், நாள் முழுக்க நின்ற கால்வலி, வலிக்குமோ என்ற பயம், கருத்தரித்துவிடுமோ என்ற கவலை. இவை ஒவ்வொன்றும் பிரேக். அவள் தயங்கினால் உன்னைப் பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ளாதே.

ஆசை தானாக முதலில் வரும், அதன் பிறகே உறவு என்று ஆண்கள் நினைக்கிறார்கள். எல்லோருக்கும் அந்த வரிசை பொருந்தாது. நீண்ட காலம் சேர்ந்து வாழும் பெண்கள் பலருக்கு நெருக்கம் முதலில் வருகிறது, தொடுகை இதமாக இருக்கிறது, அப்புறம்தான் ஆசை பிறக்கிறது என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஆண்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. இதில் குறை எதுவும் இல்லை. இன்னொன்று, உடலுறவினால் மட்டுமே பெண்கள் பெரும்பாலோருக்கு உச்சம் வருவதில்லை. பெண்ணின் இன்ப உணர்வுக்கு மையமான உறுப்பு கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது அதன் நுனிதான், மீதி உள்ளே விரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998ஆம் ஆண்டில் அதன் முழு அளவை எடுத்துக் காட்டும்வரை மருத்துவப் புத்தகங்கள் பலவும்கூட அதைச் சரியாக வரைந்திருக்கவில்லை. ஆகவே ஊகிக்காதே, அவளிடம் கேள்.

சில பெண்களுக்கு உறவின்போது யோனித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். அவர்கள் வேண்டுமென்று செய்வது அல்ல. ஒரு தம்பதி கல்யாணமாகி ஒரு வருடம் இப்படியே இருந்துவிட்டு வந்தார்கள். வெளியே பெஞ்சில் மாமியார், "ஏதாவது விசேஷம் உண்டா" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெண் தன் முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி அவிழ்த்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன்தான் சொன்னான்: "அவளுக்கு வலிக்கிறது சிஸ்டர், அதனால் நான் வற்புறுத்தவே இல்லை. எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை." அவளுக்கு மெல்ல மெல்லப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்தார்கள். அவன் வற்புறுத்தியிருந்தால் அந்தத் தசைகள் இன்னும் இறுகியிருக்கும். மனைவியின் சம்மதத்தை நம் நாட்டுச் சட்டம் இன்னும் முழுதாக மதிக்கவில்லை, தம்பி. நீ சட்டத்துக்காகக் காத்திருக்காதே. வேண்டாம் என்றால் வேண்டாம், அவள் பேசாமல் இருந்தாலும் வேண்டாம்.

நிச்சயத்துக்கு முன் உன்னைத் தனியாக அழைத்து, "பெண்ணைக் கட்டிக்கொள்ள உனக்கு மனதார விருப்பம்தானா" என்று கேட்டேனே, நீ விழித்தாய். காரணம் சொல்கிறேன். ஆண்கள்மேல் ஈர்ப்புள்ள பையன்களை, "கல்யாணம் செய்தால் சரியாகிவிடும், மருந்து கொடுங்கள்" என்று எங்களிடம் அழைத்து வருவார்கள். சரியாக வேண்டிய நோயே அங்கு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973ஆம் ஆண்டிலும், உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலும் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. அதை மாற்றச் செய்யும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றமே 2021ஆம் ஆண்டில் தடை செய்தது. அப்படிக் கட்டாயக் கல்யாணத்தில் இரண்டு உயிர்கள் வதைபடுவதைப் பார்த்தவள் நான், அதனால் கேட்டேன்.

சில மாதங்கள் ஆகியும் விறைப்பில் சிக்கல் இருந்தால் லாட்ஜ் வைத்தியரிடம் போகாதே, மருந்துக் கடையில் நீயாக மாத்திரை வாங்காதே. காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்று கவனி. இருந்தால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள், மனநல மருத்துவரைப் பார்த்தால் போதும். எப்போதுமே இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள். நம் வீட்டில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை. சர்க்கரையும் இதய நோயும் சிலருக்கு முதலில் இப்படித்தான் தலைகாட்டும். நித்யாவுக்கு வலி இருந்தால் மகளிர் மருத்துவரிடம் நீயும் கூடப் போ, வாசலில் விட்டுவிட்டு வராதே. குழந்தை எப்போது என்பதையும் கல்யாணத்துக்கு முன்பே அவளோடு பேசி முடிவு செய். ஆணுறை வாங்க வெட்கப்படாதே.

உன் அத்தை சாந்தி முகூர்த்தத்துக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார். நேரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். அன்றைக்கு இருவரும் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கினாலும் நல்லதுதான். காலையில் உங்களிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று அத்தையிடமும் சித்திகளிடமும் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அத்தைக்கு வருத்தம்தான், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நித்யாவிடம் கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு. உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடு, வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா