பழைய பேனாக்கத்திகளைக் கொண்டு வாருங்கள்: ஞாயிறு காலை 10 மணி

பழைய மாணவர் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் பேசியபடி, வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் கூடுகிறோம். வீட்டில் கிடக்கும் மடக்குக் கத்தியையும் அதன் கதையையும் கொண்டு வாருங்கள். கதை இல்லாத கத்தி வேண்டாம். அது முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலேயே கிடைக்கும்.

என்னிடம் இருப்பது ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. மான்கொம்புப் பிடி. பால்மாவு டின்னைத் திறக்கப்போய் எட்டு வயதில் நுனியை முறித்தேன். ஐயா திட்டவில்லை, அந்த மொட்டைக் கத்தியாலேயே மாங்காய் கீறி உப்பு தொட்டுக் கொடுத்தார்.

1. அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி. (போலிகளும் உண்டு.)
2. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை போய்விடும், கருமை அழுக்கல்ல, பழைய எஃகின் நிறம்.
3. கீல் இறுகியிருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும்.
4. விமானத்தில் வருவோர் கைப்பையில் வைக்க வேண்டாம், பறிமுதலாகிவிடும். பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிடுங்கள்.
5. சுவிஸ் கத்தி வைத்திருப்போரும் வரலாம். 1897இல் பதிவான வடிவம்தானே, அதுவும் பழசுதான்!
6. குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். (நுனி முறித்தவன் சொல்கிறேன்.)

வருவோர் எண்ணிக்கையை வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். பணியாரத்துக்கு மாவு ஆட்ட வேண்டும்.