வளையல் ஏறவில்லை என்று சொன்னேன்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள சரசு,

இங்கே எல்லாரும் நலம். மாமியார் இன்னும் என்னைத் திட்டும் அளவுக்கு நலம். பையன் ஜொகூரில் வேலையில் இருக்கிறான், வாரம் ஒருமுறை பேசுகிறான். உன் வீட்டிலும் நலம்தானே. சம்பிரதாயம் தீர்ந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராததற்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு, அந்தக் கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிலில் விரித்துப் போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் தாலிக்கொடி, கையில் கண்ணாடி வளையல். வேறு ஒன்றும் இல்லை. ஈப்போ பஸ் எட்டு மணிக்கு. எட்டேகாலுக்கு உனக்குப் போன் செய்து இருமிக் காட்டினேன். காய்ச்சலுக்கு எதற்கடி இருமினாய் என்று கேட்காதே. பெரியசாமி வாத்தியாரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டவள்தானே நான். நீ நம்பிவிட்டாய். மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே "கஷாயம் வைத்துக் குடி" என்றாய். அதன் பிறகு உன் பெயர் போனில் வந்தாலே கை நடுங்கும். எடுத்தால் இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அதற்குப் பேசாமல் இருப்பதே மேல் என்று ஒன்றரை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இனி முதலிலிருந்து சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். உன் மீன்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் படி.

2023 தீபாவளிக்கு இவர் எப்படி இருந்தார் என்று மல்லிகா உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணன் என்ன, மறுபடியும் மாப்பிள்ளையாகிவிட்டாரா?" என்று கேட்டாள். 92 கிலோவில் இருந்தவர் 71க்கு இறங்கியிருந்தார். தொழிற்சாலையில் கேட்டார்களாம், கோயிலில் கேட்டார்களாம், என்ன பயிற்சி, என்ன பத்தியம் என்று. இவரும் சிரித்துக்கொண்டே "சோற்றைக் குறைத்தேன்" என்பார். நானும் பெருமையில் பூரித்துப் போயிருந்தேன். சரசு, நான் தையல்காரி. அந்த வருடம் மட்டும் இவருடைய காற்சட்டை இடுப்பை மூன்று முறை பிடித்துத் தைத்தேன். முதலில் ஓர் அங்குலம், அப்புறம் இரண்டு. மூன்றாவது முறை பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் போல நெருங்கி வந்துவிட்டன. ஊரார் உடம்பில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள், என் வீட்டு மனிதர் கரைந்துகொண்டிருந்ததைக் கையில் டேப்பை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

ராத்திரிக்கு ஐந்து முறை எழுந்து போவார். குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர் நிற்காது. பகலெல்லாம் தொழிற்சாலை வேலை முடித்து இரவில் கிராப் டாக்சி ஓட்டினாரே, அந்தத் தாகத்துக்கு வழியெல்லாம் சிரப் பண்டோங் என்கிற ரோஜாப் பாலும் புட்டியில் வரும் குளிர்பானமுமாக வாங்கிக் குடித்திருக்கிறார். எரிகிற நெருப்பில் எண்ணெய். கடைசியில் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, நானும் இல்லை, மாமியார். "கக்கூஸில் எறும்பு மொய்க்கிறதே, என்ன கொட்டினீர்கள்?" என்றார். என் அப்பாவுக்கும் அப்படித்தான் தெரியவந்தது, உனக்கு நினைவிருக்கும்.

மறுநாளே அரசாங்கக் கிளினிக். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டிச் சீட்டு வாங்கினோம். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 24.6. சாப்பிடாமல் இருக்கும்போது ஏழு தொட்டாலே நீரிழிவு என்பார்கள். அங்கே ஒரு தமிழ்த் தாதி, நம் பக்கத்துப் பெண் போலப் பேச்சு. "அம்மா, இது மெலிவு இல்லை" என்று உட்கார வைத்துச் சொன்னாள். வாசலில் அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது, ஆனால் கதவைத் திறக்கச் சாவி இல்லை. உள்ளே இருப்பவர்கள் பசி தாங்காமல் மேசை நாற்காலியை உடைத்து அடுப்பெரிக்கிறார்கள். அந்தச் சாவிதான் இன்சுலின். உடைந்துபோன மேசை நாற்காலிதான் இவருடைய கொழுப்பும் தசையும். வாசலில் கிடந்த அரிசி சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது, எறும்புக்கு விருந்தாக. அன்றைக்கே இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஊசியைப் பார்த்ததும் இவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொண்டவர்!

சிரித்துவிட்டாயா? சரி, இனி சிரிக்காதே.

கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் டயர் பஞ்சர். இவருக்கு ஸ்பேர் டயரைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்ப் பையன் நிறுத்தி உதவினான். டயரைத் தூக்கியவன் அந்தக் குழிக்குள் கையை விட்டு ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து, "காக் (அக்கா), இது உங்களுடையதா?" என்று கேட்டு என் கையில் கொடுத்தான். முப்பத்தொரு உறைகள். பாதி பிரிக்கவே இல்லை. இவர் சாலையோரம் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பையனுக்கு நன்றி சொல்லி, வீட்டுக்கு வந்து, மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டு, அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

எல்லாம் அந்த டத்தோ கிராமாட் சாப்பாட்டுக் கடையின் மிச்சம். 2019 கடைசியில் திறந்தோம், 2020 மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அந்த வருடம் வங்கிகள் ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்தபோது ஏதோ தள்ளுபடியே கிடைத்த மாதிரி இருந்தோம். வட்டி மட்டும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கடையை மூடியாயிற்று, கடன் தீர்ந்தது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். தீரவில்லை. நான்கு கிரெடிட் கார்டு, மொத்தம் 38,000 வெள்ளி. மாதம் நூற்றுக்கு ஐந்து கட்டினால் போதும் என்பார்களே, 38,000க்கு அதுவே 1,900. இவர் சம்பளம் 3,400. ஒரு கார்டில் ரொக்கம் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டியிருக்கிறார். எடுத்த கணமே அதற்கு நூற்றுக்கு ஐந்து கட்டணம், அப்புறம் வருடத்துக்குப் பதினெட்டு விழுக்காடு வட்டி. என் தாத்தா பினாங்கு ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிக்குக் கடன் வாங்கப் போனால் வரிசை வீடு முழுக்கத் தெரிந்துவிடும். இந்தக் காலத்துக் கடன் சத்தமில்லாமல் பர்சுக்குள் படுத்திருக்கிறது.

எப்படிக் கத்தினேன் தெரியுமா? உடம்பு முடியாத மனிதர் என்றுகூடப் பார்க்கவில்லை. "என்னிடம் மறைத்தாயே" என்று, ஒருமையிலேயே கத்தினேன். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை.

அதற்கப்புறம் ஏகேபிகே. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் ஆரம்பித்த கடன் ஆலோசனை அமைப்பு. பணம் எதுவும் வாங்குவதில்லை. விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கும் வட்டிக்காரர்களுடைய நம்பரைக் கூப்பிடாமல் இங்கே போனாரே, அதற்காகத்தான் இவரை மன்னித்தேன். எதிரே உட்கார்ந்த பெண் எங்கள் வரவுசெலவை வரி வரியாகக் கேட்டாள். கோயில் உண்டியல் எவ்வளவு, மாமியாருக்கு வெற்றிலை எவ்வளவு என்பதுவரை. வங்கிகளோடு பேசி வட்டியைக் குறைத்து மாதம் 620 வெள்ளி என்று முடித்துக் கொடுத்தார்கள். 2030 வரை. கார்டுகளை விட்டுவிட வேண்டும். அன்று மாலை இவர் என் துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கேட்டார். அதில் காகிதம் வெட்டினாலே நான் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று உனக்குத் தெரியும். கொடுத்தேன். நான்கு கார்டையும் வெட்டினார். கத்தரி முனை மழுங்கித்தான் போயிற்று. சாணை பிடிக்கப் பதினைந்து வெள்ளி. அதையும் நோட்டில் எழுதினேன்.

நோட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. பள்ளிக்கூடத்து நோட்டுதான், மூன்று கட்டம். கடன், அவருடைய எடை, என்னுடைய எடை. கடன் இறங்க வேண்டும், அவர் ஏற வேண்டும், நான் இறங்க வேண்டும். ஏனென்றால் அவரைக் காட்டப் போன இடத்தில் என்னையும் தராசில் ஏற்றிவிட்டார்கள். 84 கிலோ, ரத்த அழுத்தம், சர்க்கரை வாசல்படியில். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதிக்குக் காய்கறியும் பழமும். "சுக்கு சுக்கு செபாரோ", அதாவது கால், கால், பாதி என்று சுவரில் ஒட்டியிருந்த மலாய்த் தாளைப் பையன் வீட்டில் வாசித்தான். மாமியார் உடனே, "இதற்கா டாக்டரிடம் போனீர்கள்? சுக்குதானே, இரண்டு துண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் போயிற்று" என்றார். இன்றுவரை எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குச் சுக்கு என்றுதான் பெயர். "சுக்கு தயாரா?" என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயில். 513 படி. முதல் வாரம் எண்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன், இவர் அறுபதிலேயே. எங்களைத் தாண்டி ஒரு பாட்டி கையில் பால்செம்போடு ஏறிப் போனார். இப்போது நடுவில் ஒரு முறை நின்றால் போதும். கீழே இறங்கி நாசி கண்டார் சோற்றுக் கடை வாசனையைத் தாண்டிப் போவதுதான் உண்மையான ஏற்றம். மாதம் ஒரு முறை போகிறோம், ஒரு தட்டை இருவரும் பகிர்ந்து, தே ஓ கொசோங். சீனி இல்லாத தேநீர் பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு இன்னும் பழகவில்லை.

இவ்வளவும் நல்லபடியாகத்தானே போகிறது, இதை எழுத ஏன் தயங்கினாய் என்று கேட்பாய். இதோ, இதற்காகத்தான்.

இந்த வருட ஆரம்பத்தில் நான் 76க்கு இறங்கியிருந்தேன். ஒரு நாள் இவர் நோட்டைப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி முகம் மலர்ந்து, "கமலா, இப்போது உன் கல்யாண வளையல் ஏறுமே. எடுத்துப் போடு" என்றார்.

வளையல் எங்கே இருக்கிறது? 2021இல் கடை வாடகைப் பாக்கிக்கு நான்தான் அடகு வைத்தேன், அவருக்குத் தெரியாமல். மாமியார் மருத்துவச் செலவுக்கு அட்டிகையும் கம்மலும் பின்னாலேயே போயின. கேட்டபோதெல்லாம், "கை பருத்துவிட்டது, வளையல் ஏறவில்லை" என்றேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி கட்டிச் சீட்டை மாற்றி எழுதுவேன். ஜாக்கெட் தைத்த காசு அத்தனையும் அதற்கே. சீட்டு இருந்த இடம் தண்ணீர்மலை முருகன் படத்துக்குப் பின்னால். முருகனும் உடந்தை. என் உடம்பு பருமனாக இருந்தவரை என் பொய்யும் பத்திரமாக இருந்தது. பாவி மனிதர் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்கிறார், நான் என்ன சொல்வேன்? முப்பத்தொரு உறைக்காக அவரை ஒருமையில் திட்டிய அதே வாயால்?

படத்தைக் கழற்றிச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். "ஸ்பேர் டயருக்கு இது தேவலை, சாமி பக்கத்திலாவது இருந்திருக்கிறது" என்றார். எனக்கு வந்த அழுகையில் மாமியார் எழுந்து வந்துவிட்டார். நோட்டில் நான்காவது கட்டம் போட்டோம்.

இந்தத் தீபாவளிக்கு ஒரு ஜோடி மீட்டோம். சோப்பு போட்டுத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. தங்கம் விற்கும் விலைக்கு மிச்சத்தை விற்றுக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடு என்கிறாள் மல்லிகா. எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. அட்டிகை அம்மா போட்டது. கம்மலை விற்றாலும் விற்பேன். நீ என்ன சொல்கிறாய்? உண்மையாகவே கேட்கிறேன், எழுது.

பிப்ரவரி 1ஆம் தேதி தைப்பூசம். இவர் பால்குடம் எடுக்கிறார். இப்போது 77 கிலோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 13 விழுக்காட்டிலிருந்து 7க்கு வந்திருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் வந்து எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். கல்யாண ஆல்பத்தைக் கட்டாயம் கொண்டு வா. லட்டு வேண்டாம். மாமியார் கேட்பார், கொடுக்காதே.

இன்னும் எழுதலாம், அந்தச் சைக்கிள் விவகாரத்தில் யார்மேல் தப்பு என்பதுகூட இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இவர் கால் கழுவித் துடைத்துக்கொண்டு டார்ச்சோடு வந்து உட்கார்ந்துவிட்டார். தினம் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சின்னக் காயம் இருந்தாலும் அவருக்கு உறைக்காது. இடது பெருவிரல் ஓரத்தில் செருப்பு வார் பட்டு லேசாகச் சிவந்திருந்தது, போன வாரம் பார்த்தேன். இன்றைக்கு எப்படி இருக்கிறதோ.

உன்,
கமலா