அந்தப் படத்தை யாரும் திருடவில்லை

தமிழில் அறிவியல் காணொளி போடும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு வருடக்கணக்காக உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். டி.என்.ஏ. பாடம் வந்தால் "வாட்சன், கிரிக், 1953, ரெண்டு மார்க்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்தான் நானும். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு முழுத் தகுதி கிடையாது. இருந்தாலும் போன வாரம் பேத்தி போனில் காட்டிய காணொளியைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

லண்டனில் டி.என்.ஏ.வை ஆராய்ந்த விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அதன் எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றை எடுத்தாராம். அதே கல்லூரியில் இருந்த வில்கின்ஸ் அதைத் திருட்டுத்தனமாக, கேம்பிரிட்ஜில் கிரிக்குடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனிடம் காட்டினாராம். பார்த்த மாத்திரத்தில் வாட்சனுக்கு அது இரண்டு இழைகள் சுற்றிய இரட்டைச் சுருள் என்று புரிந்துவிட்டதாம். பின்னணியில் சோக இசை வேறு.

அந்த அம்மாவுக்கு நியாயம் கேட்கத்தான் இதைச் செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இந்தக் கதையில் அவர்தான் சிறுத்துப் போகிறார். கையில் இருந்தது என்னவென்றே தெரியாமல் மேசைக்குள் போட்டு வைத்திருந்தவர் என்றல்லவா ஆகிறது?

சரி, நடந்தது என்ன? 51-ஆம் எண் படம் என்று சொல்லப்படும் அந்தப் படத்தை 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எடுத்தவர், ஃபிராங்க்ளினிடம் ஆய்வு மாணவராக இருந்த ரேமண்ட் காஸ்லிங். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வை மெல்லிய நூலாக இழுத்து, அறுபது மணி நேரத்துக்கும் மேல் எக்ஸ் கதிரில் வைத்து எடுத்தது. நூலைச் சுற்றி ஈரப்பதம் கூடினால் ஒரு வடிவம், குறைந்தால் இன்னொரு வடிவம் என்று பிரித்துக் காட்டியவர் ஃபிராங்க்ளின். அதற்கு முன் இரண்டும் கலந்து கிடந்ததால் படங்கள் குழப்பியடித்தன. என்னைக் கேட்டால் படத்தை விட இந்தப் பிரிப்புதான் பெரிய வேலை. பேத்தி காட்டிய காணொளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1953 தொடக்கத்தில் அவர் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறும் ஏற்பாட்டில் இருந்தார். காஸ்லிங் மறுபடி வில்கின்ஸ் பொறுப்பில் வந்தார், படமும் அந்த வழியில் வில்கின்ஸ் கைக்கு வந்தது. ஃபிராங்க்ளினிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் அதை வாட்சனிடம் காட்டியது தப்புதான். திருட்டு அல்ல.

அதைவிடப் பெரிய உதவி ஓர் அறிக்கையிலிருந்து வந்தது. மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்காக 1952 டிசம்பரில் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் தயாரித்த அந்த அறிக்கையில் ஃபிராங்க்ளினின் அளவுகள் இருந்தன. கேம்பிரிட்ஜில் இருந்த விஞ்ஞானி மாக்ஸ் பெருட்ஸ் வழியாக அது கிரிக்கிடம் போனது. அந்த அளவுகள் காட்டிய சமச்சீர் கிரிக்குக்குப் பழகியது. அவர் ஆராய்ந்துகொண்டிருந்த குதிரை ஹீமோகுளோபினிலும் அதேதான். உடனே பிடித்துக்கொண்டார்: ஓர் இழை மேலே போனால் மற்றது கீழே வருகிறது! இதுவும் ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் நடந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், 1951 நவம்பரில் அவர் ஆற்றிய உரையில் வாட்சன் நேரில் உட்கார்ந்திருந்தார். குறிப்பெடுக்கவில்லை. நீரின் அளவைத் தப்பாக நினைவு வைத்துக்கொண்டு போய், இழையின் முதுகெலும்பான பாஸ்பேட்டை உள்ளே வைத்து, வாட்சனும் கிரிக்கும் மூன்று இழை கொண்ட மாதிரி உருவம் ஒன்றைக் கட்டினார்கள். ஃபிராங்க்ளின் வந்து பார்த்தார். பாஸ்பேட் வெளியே இருக்க வேண்டும், இது நிற்காது என்று சொல்லிவிட்டார்.

கேம்பிரிட்ஜ்காரர்கள் சும்மா இருந்து பெயர் வாங்கியவர்கள் என்றும் காட்டாதீர்கள். டி.என்.ஏ.வில் உள்ள நான்கு காரங்களில், அடினின் எவ்வளவோ தைமின் அவ்வளவு, குவானின் எவ்வளவோ சைட்டோசின் அவ்வளவு என்று வேதியியலாளர் சார்காஃப் கணக்குச் சொல்லியிருந்தார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பாடநூலில் போட்டிருந்த கார வடிவங்களே தப்பு என்று வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ திருத்திய பிறகு, வாட்சன் அந்தக் காரங்களின் வடிவத்தில் அட்டையை வெட்டி மேசையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். 1953 பிப்ரவரி 28 காலை அடினின்-தைமின், குவானின்-சைட்டோசின் என்ற இரண்டு ஜோடிகளும் ஒரே அகலத்தில் பொருந்தின. ஃபிராங்க்ளினுக்கு அகப்படாமல் போனவற்றில் முக்கியமானது இந்த ஜோடி. இரட்டைச் சுருள் வரை அவரும் வந்துவிட்டார். மார்ச் 17 தேதியிட்ட அவருடைய கட்டுரை வரைவே அதற்குச் சாட்சி.

அப்புறம் நோபல். 1958 ஏப்ரலில் 37 வயதில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் பரிசு கொடுத்தது 1962-இல். கிரிக் மேல் அவருக்குப் பகை இருந்ததாகவும் தெரியவில்லை. 1956-இல் அறுவை சிகிச்சைக்குப் பின் உடம்பு தேறும் காலத்தில் கிரிக் வீட்டிலும் தங்கினார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படத்தைத் திரையில் போடும்போது இசையை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை நடுவிலிருந்து வரிசை எண்ணச் சொல்லுங்கள். குறுக்கே விழுந்த பெருக்கல் குறி சுருளைக் காட்டும். அதன் கைகளில் உள்ள கறுப்புக் கோடுகளின் வரிசை: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. நாலாவது வரிசை இருக்காது. இரண்டு இழைகள் சரிபாதி இடைவெளியில் இல்லாமல் சற்றுத் தள்ளிச் சுற்றுவதால், அவற்றில் பட்டுச் சிதறும் கதிர்கள் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. என் பேத்தி மூன்று தரம் எண்ணிப் பார்த்தாள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உயிரியல் வாத்தியார்