மருந்துக் கவரில் இல்லாத ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்தித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதை விரிவாக எழுதிய கட்டுரையாளர், எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை இரண்டு வரிகளில் கடந்துவிட்டார். அதில் சூடுபட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தோலில் ஏற்பட்ட தொற்றுக்காக எனக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்கள். மருந்துக் கவரின் மேல் ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகுதான் மருந்து நினைவுக்கு வந்தது. எழுந்து, ஒரு மிடறு தண்ணீரில் காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். விடியற்காலையில் நெஞ்செலும்புக்குப் பின்னால் கத்தியால் கீறியதைப் போன்ற வலி. எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது. மாரடைப்போ என்று பதறி ஓடிய என்னைப் பரிசோதித்துவிட்டு மருத்துவர் கேட்டது, “மாத்திரையை எவ்வளவு தண்ணீரில் விழுங்கினீர்கள்?” என்பதுதான். அமிலத்தன்மை கொண்ட அந்த மருந்து உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கிவிட்டிருந்தது. முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய அந்தப் புண்ணால் பல நாட்கள் திட உணவைத் தொடவே முடியவில்லை.

‘சாப்பாட்டுக்குப் பின்’ என்பதும் அரைகுறைக் குறிப்புதான். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைப் பாலுடனோ, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுடனோ, நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட்டுடனோ சேர்த்துச் சாப்பிட்டால், அவற்றிலுள்ள தாதுக்கள் குடலில் மருந்தைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் கலக்கவிடாமல் தடுத்துவிடுகின்றன. மாத்திரை தவறாமல் உள்ளே போயிருக்கும், பலன்தான் இருக்காது. மருந்தே சரியில்லை என்று அடுத்த மருத்துவரைத் தேடிப் போகிறவர்களில் எத்தனை பேர் இப்படி ஏமாந்தவர்களோ!

‘மூன்று வேளை’யும் அப்படித்தான். பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் ரத்தத்தில் ஏறக்குறைய மணிக்கொருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், காலை, மதியம், மாலை என்று பகலுக்குள் நெருக்கி முடித்துவிட்டு இரவெல்லாம் இடைவெளி விடுவதைவிட, எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வதே முறை. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட வேண்டுமே தவிர, ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது.

மிச்சமான நான்கு மாத்திரைகளைப் பத்திரப்படுத்தி, வீட்டில் அடுத்து சளி பிடிப்பவருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் கட்டுரை குறிப்பிடவில்லை. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு அங்கே வேலையில்லை. பாக்டீரியாத் தொற்றாகவே இருந்தாலும், அந்த நான்கு மாத்திரைகள் கிருமியைக் கொல்லப் போதாமல் அதை மருந்துக்குப் பழக்கப்படுத்தவே உதவும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் தம் நோபல் உரையில் எச்சரித்தது இப்படிக் குறைந்த அளவில் எடுத்துக்கொள்வதைத்தான். போதாக்குறைக்கு, வாங்கிச் சாப்பிடுபவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முகம் வீங்கி மூச்சுத் திணறுவது வரை போகலாம்; கொடுப்பவர் அதைக் கேட்பதே இல்லை.

எனவே, மருந்தாளுநர் ஒருவரைக் கொண்டு, எந்த மருந்தை எதனுடன் சேர்க்கக் கூடாது, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி இடைவெளி என்று ஒவ்வொன்றாக விளக்கும் பகுதியைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். மருந்து எழுதுபவர்களும் கொடுப்பவர்களும் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். எனக்குத் தந்த கவரின் பின்பக்கம் முழுவதும் வெறுமையாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்