சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. கல்லணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, தெற்கு வயலில் குறுவை நடவும் ஆயிற்று. மற்ற சேதியை அப்பா சொல்வார்.

வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்த நேரம் ராத்திரி ஒன்றரை, ரெண்டு என்று காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு அதை மறைத்து வைக்காதே. வேலை என்பாய். நீ டீம் லீடர் ஆனதில் தெருவுக்கே பெருமைதான். ஆனால் ரெண்டு மணிக்கு ஊரார் ஸ்டேட்டஸ் பார்ப்பது எந்தக் கம்பெனி வேலை?

முதலில் போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் சொருகு. அலாரத்துக்கு ஒரு மணிக் கடிகாரம் வாங்கு. செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், அதற்குள் பெட்டைம் மோட். பத்தரையிலிருந்து ஆறு வரை வை. கிரேஸ்கேலையும் போடு, படம் கறுப்பு வெள்ளையானால் ரீல்ஸில் ருசி போய்விடும். ஆப் டைமரை மட்டும் நம்பாதே. நேரம் முடிந்ததும் நாமே தட்டி நீக்கிவிடலாம், அதனால்தான் பலருக்கு அது பலிப்பதில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் போதும் என்றும் நினைக்காதே. வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும், அது ஒரு பங்குதான். அடுத்து என்ன வருமோ என்று மனசு விழித்தே கிடக்கிறதே, அதுக்கு என்ன செய்வாய்?

எங்களுக்கு ஏதாவது என்றால் தெரியாதே என்று சாக்குச் சொல்லாதே. டூ நாட் டிஸ்டர்பில் ரிப்பீட் காலர்ஸை ஆன் செய். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும். அவசரமென்றால் ரெண்டு தடவை கூப்பிடுவோம். கூடத்திலிருந்து கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வை.

சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைத்தால் போதாது, கண்ணில் படாத இடத்தில் வை. போன ஞாயிறு வீடியோ காலில் செல்வி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நீ இன்னொரு போனைப் பார்த்தபடி "ம்" என்றாய். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. "நல்லாத்தான் இருக்கோம் அத்தை" என்று அவளாகவே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சார்ஜர் கூடத்தில், மறக்காதே. ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லாமல் மனசு பாரமாகவே இருந்தால் அது வெறும் போன் சங்கதி இல்லை. 14416, டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசாங்க எண். காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

வடகம் காய்ந்துவிட்டது, கொரியரில் அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும் செல்வியைப் பேசச் சொல். நீ பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அம்மா