அத்தானுக்கு, விஸ்வரூபம் இரண்டாம் பாகம் சம்பந்தமாக

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போன வாரம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். மொத்தம் நாலு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் எனக்குச் சினிமா பார்க்கத் தெரியாது என்று சொல்வதற்கே போய்விட்டது. "விஸ்வரூபம் 2 உனக்குப் புரியல, மறுபடி பாரு" என்று ஷார்ஜாவில் இருந்துகொண்டு உத்தரவு. சரி, பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்புச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு பொட்டுக்கூடக் கண்ணை மூடாமல் முழுசாகப் பார்த்தேன். பதிலைக் குடும்ப குரூப்பில் போட்டால் அக்கா நடுவில் புகுந்து ரெண்டு பேரையும் சேர்த்து வைவாள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. 2013-ல் கமலின் உளவாளிப் படமான விஸ்வரூபம் முதல் பாகத்துக்குத் தமிழ்நாட்டில் தடை போட்டபோது, கேரளாவில் ஓடுகிறது என்று தெரிந்ததும், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை, மச்சினனைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஜனவரி 26, சனிக்கிழமை. தென்காசியில் மாறி, செங்கோட்டையில் மாறி. அப்போது புனலூர் ரயிலும் கிடையாது, அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆரியங்காவு தாண்டி வளைவு வளைவாக பஸ் இறங்கும்போது பதிமூன்று கண் பாலத்தைக் காட்டி, "திரும்பி வரும்போது இதப் பத்திப் பேச மாட்டே, படத்தப் பத்தித்தான் பேசுவே" என்றீர்கள். கொல்லத்தில் தியேட்டருக்குள் நம்ம ஊர்க்காரர்கள்தான் பாதிப் பேர். வரும் வழியில் நடுராத்திரி பார்டரில் இறங்கி பரோட்டா தின்றபோது பக்கத்து மேசையிலும் அதே பேச்சு. இங்கே பிப்ரவரி 7-ஆம் தேதி ரிலீஸ் ஆனபோது ஊரில் பாதிப் பேருக்கு நான் கதை சொல்லி முடித்திருந்தேன்.

அந்தப் படம் ஏன் அப்படிப் பிடித்தது? பெண்டாட்டிக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்து, துப்பறிகிற ஆளை வைத்துப் பின்தொடர விடுகிறாள். அவனோ கதக் நடனம் சொல்லிக்கொடுக்கிற, நளினமாக நடக்கிற ஒரு வாத்தியார். உளவே வீட்டுக்குள்ளிருந்துதான் ஆரம்பிக்கிறது. கட்டிப்போட்டு அடிக்கிற அந்த கோடவுனில் அவன் உளவாளியாக நிமிர்கிற நேரத்தில் தியேட்டரே எழுந்து நின்றது, எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது சின்னச் சின்ன வேலைகள்தான். கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கிற கருவியை ஏமாற்ற, புறாக்களின் மேல் சீசியம் என்கிற கதிர்வீச்சுப் பொருளைத் தடவிப் பறக்கவிடுவது. கடைசியில் அந்தப் பெண்டாட்டியே மைக்ரோவேவ் அடுப்பை எடுத்துக் குண்டின் மேல் கவிழ்த்து செல்போன் சிக்னலை மறிப்பது. ஊருக்கு வந்ததும் நீங்கள் அதை நம்பாமல், நம் வீட்டில் மைக்ரோவேவுக்கு எங்கே போவது, அம்மாவின் முறுக்குச் சம்படத்தைக் காலி செய்து அதற்குள் உங்கள் போனை வைத்து மூடி என்னைக் கூப்பிடச் சொன்னீர்கள். அடித்தது. மூடியை நன்றாக அழுத்தி, மேலே முட்டியால் ஒரு தட்டுத் தட்டி மறுபடி கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. கொஞ்சூண்டு இடைவெளி இருந்தாலும் சிக்னல் புகுந்துவிடும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். பிசிக்ஸ் வாத்தியார் ரெண்டு வருஷம் கத்தியும் ஏறாதது.

இப்படி ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம். ஐந்தரை வருஷம் காத்திருந்தோம். 2018 ஆகஸ்ட் 10. கலைஞர் மறைந்து மூன்றாம் நாள், ஜங்ஷன் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதற்கு நடுவில் இந்தப் படத்தின் போஸ்டர். பஸ் ஏறிக் கொல்லம் போக வேண்டிய அவசியம் இல்லை, அந்த வருஷம்தான் செங்கோட்டை ரயிலும் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது, வேடிக்கைதான். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு "சவம், ஒண்ணும் தேறல" என்று ஒரு வரி அனுப்பினேன். அதற்குத்தான் இத்தனை வருஷம் கழித்தும் பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அவன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பெண்டாட்டிக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியும், டிக்கெட் கிழிக்கிறவருக்கும் தெரியும். மறைக்க எதுவும் இல்லாத உளவாளியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? அடிக்க விடுகிறார்கள், பேச விடுகிறார்கள், அவனும் தன்னைப் பற்றியே நிறையப் பேசுகிறான். போதாக்குறைக்கு, இந்தப் பாகத்தில் கொஞ்சத்தை முதல் பாகத்தோடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள் இல்லையா, அதனால் திடீர் திடீரென்று பழைய கதை நடந்த ஆப்கானிஸ்தானுக்குப் போய்ப் போய் வருகிறது. மறுவீட்டுக்கு வைத்த சொதியை மறுநாள் எடுத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றிச் சூடாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அக்கா ஒருதடவை செய்தாள். நீங்கள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தீர்கள். இந்தப் படத்தையும் அப்படித்தான் பாசத்தில் விழுங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன், அதையும் எழுதிவிடுகிறேன். லண்டன் பக்கம் கடலடியில் உலகப் போர் காலத்துக் கப்பல், அதற்குள் வெடிமருந்து என்று வந்ததும் "நல்லாச் சுத்துறாங்க பூவு" என்று அன்றைக்குக் கேலி செய்தேன். அப்புறம் தேடிப் படித்தால் அதே சாடையில் ஒரு கப்பல் நிஜமாகவே கிடக்கிறது. ரிச்சர்ட் மான்ட்கோமரி என்று பெயர், அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1944 ஆகஸ்டில் தேம்ஸ் நதி கடலில் சேரும் இடத்தில், ஷீர்னஸ் என்கிற ஊருக்கு எதிரே மணல்திட்டில் தட்டி முறிந்துவிட்டது. சரக்கை முழுசாக இறக்குவதற்குள் தண்ணீர் புகுந்துவிட, மிச்சம் அப்படியே உள்ளே. சுமார் 1,400 டன் வெடிமருந்து. எடுக்கப் போனால் வெடிக்குமோ, விட்டால் வெடிக்குமோ என்று பிரிட்டிஷ் அரசாங்கம் இத்தனை வருஷமாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. கப்பலின் கம்பங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கரையிலிருந்தே தெரியுமாம்.

யோசித்துப் பாருங்கள் அத்தான். உவரி கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே, ரெண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி அப்படி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிற சனங்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சோறு ஊட்டுவார்களா, பயமுறுத்துவார்களா? அந்தக் கரையில் ஒரு டீக்கடைக்காரனையாவது காட்டியிருக்கலாம். புறாவுக்கும் மைக்ரோவேவுக்கும் நேரம் இருந்த ஆட்களுக்கு இதற்கு நேரம் இல்லை. முழுகினார்கள், முடித்தார்கள், டெல்லிக்குப் போய்விட்டார்கள். அங்கே போய் இன்னும் நிறையக் குண்டு.

டெல்லியில்தான் அந்த அம்மா வருகிறார். வஹீதா ரஹ்மான். ஞாபகமறதி நோய், பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. முதல் தடவை பார்த்தபோது இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். காரணம் நம் ஆச்சி.

போன லீவில் நீங்கள் வந்து இறங்கிய அன்று, தண்ணீர் கேனைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனீர்கள், கடைப் பையன் வாசலோடு வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று. ஆச்சி கட்டிலில் இருந்து கூப்பிட்டாள். சுருக்குப் பையை அவிழ்த்து, பத்துப் பத்தாக மூன்று நோட்டை ரெண்டு தடவை எண்ணி நீட்டி, "நேத்து ஏன் வரல தம்பி?" என்றாள். அக்கா பதறிப்போய், "ஆச்சி, இது உங்க பேத்தி மாப்பிள்ளை" என்று வாயெடுப்பதற்குள் நீங்கள் பணத்தை வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வண்டி பஞ்சர் ஆச்சி, நாளைக்கு ரெண்டு கேனாப் போட்டுருதேன்" என்றீர்கள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஆச்சி நிம்மதியாகத் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மாறுவேஷம் என்றால் அதுதான் அத்தான். ஊர் உலகத்தையெல்லாம் ஏமாற்றிய உளவாளி, பெற்ற தாய்க்கே தான் யாரோ என்று ஆனபிறகு, அவள் மனசு நோகாமல் இருக்க அவள் சொல்லுகிற ஆளாகவே கொஞ்ச நேரம் நடித்திருக்க வேண்டாமா? முதல் பாகத்தில் கதக் வாத்தியாராக வாழ்ந்தவனுக்கு அது பெரிய காரியமா? விட்டுப்போன வேஷமும் திரும்ப வந்திருக்கும், அந்த அம்மாவும் அப்படிச் சும்மா வந்து போயிருக்க மாட்டார். படத்தில் ஒரு பாட்டு வருகிறது, ஜிப்ரான் நன்றாகவே போட்டிருக்கிறார், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் கதை குண்டைத் தேடி ஓடிவிடுகிறது. கமலுக்கு இது தோன்றாமல் போயிருக்குமா என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். தோன்றியிருந்தால் படத்தில் எங்கே என்று நிமிஷக் கணக்கோடு எழுதி அனுப்புங்கள், மூன்றாம் தடவையும் பார்க்கிறேன்.

லீவு எப்போது என்று சொல்லவே இல்லையே. ஆச்சி நேற்றும் கேட்டாள், முப்பது ரூபாயை வாங்கிக்கொண்டு போன பையனை அப்புறம் ஆளையே காணோமே, கடையை மாத்திருவோமா என்று. ரெண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்