பால் பவுடர் டின்னின் லேபிளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கிணற்று நீர், குழாய் நீர், வடிகட்டிய நீர் என்று வந்து சேரும் மாதிரிகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள் அறிக்கையை வாங்கியதும் கிளம்பிவிடுவதில்லை. "இந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கலக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் குடிக்கத் தகுந்த நீர் எல்லாம் குழந்தைக்குத் தகுந்ததாக இருந்துவிடாது என்ற சந்தேகம் அவர்களுக்குத் தாமாகவே வந்திருக்கிறது. சரியான சந்தேகம். அதற்கான பதிலை உங்கள் டின்னில் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே கிடைக்காததால்தான் எங்களிடம் கேட்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிப் பெரும்பாலான டின்களில் இருப்பது ஒரே வரி: கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கலக்கவும். பவுடரில் உள்ள இரும்புச்சத்தையும் அயோடினையும் மைக்ரோகிராம் வரை அச்சிடுகிறீர்கள். கலந்து முடித்த பாலில் அந்தப் பவுடரின் பங்கு எடையில் ஏறத்தாழ 13 சதவீதம். மீதி 87 சதவீதமும் தண்ணீர்தான். புட்டிப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தை, தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லிலிட்டர் பால் குடிக்கிறது. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் குடிப்பதென்றால் தினமும் 9 லிட்டர் பால், அதாவது அதிலுள்ள ஏறத்தாழ 8 லிட்டர் தண்ணீரைக் குடிக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் எதுவும் பெரியவர் உடலுக்குள் போவதைவிடப் பல மடங்கு அதிக விகிதத்தில் அந்தச் சின்ன உடலுக்குள் போகிறது. இவ்வளவு பெரிய பங்கை வகிக்கும் பொருளுக்கு ஒரு வரி போதாது.

கொதிக்கவைப்பதைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீர் நன்றாகக் கொதித்துப் பொங்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் விட்டால் (கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே வாழ்கிறவர்கள் மூன்று நிமிடம்) பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி எல்லாம் செத்துவிடும். எவ்வளவு நல்ல குழாய் நீராக இருந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த பாட்டில் நீராக இருந்தாலும் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். ஆனால் கொதித்த நீர் என்றாலே பாதுகாப்பான நீர் என்ற எண்ணத்தை அந்த ஒற்றை வரி பெற்றோர் மனத்தில் பதித்துவிடுகிறது. நைட்ரேட்டும் ஈயமும் ஆர்செனிக்கும் ஃப்ளூரைடும் உப்பும் கொதியில் போவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று கால்மணி நேரம் கொதிக்கவைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கிணற்றில் நைட்ரேட் இருந்தால், அந்த அக்கறையே குழந்தைக்கு எதிராகத் திரும்புகிறது.

நைட்ரேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. உரமிட்ட வயல், கால்நடைக் கொட்டில், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து அது நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. ஆழம் குறைந்த கிணறுகளில் அதிகம் காண்கிறோம். குழந்தையின் உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. அதைப் பழைய நிலைக்கு மீட்கும் நொதி பெரியவர்களிடம் போதிய அளவில் இருக்கிறது, பிறந்த சில மாதக் குழந்தையிடம் குறைவு. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடுகிறது. உதடும் விரல் நுனியும் நீலம் பூக்கும். இதய நோயோ என்று மருத்துவர்களே குழம்பிய காலம் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததைக் கண்டறிந்து 1945-இல் எழுதினார். உலக சுகாதார அமைப்பு குடிநீரில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்ததே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனத்தில் கொண்டுதான். 1945-இலிருந்து தெரிந்த ஒரு விஷயம் இன்னமும் பெரும்பாலான டின்களில் ஏறவில்லை. சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ வைத்திருப்பவர்கள் பிரசவத்துக்கு முன்பே நைட்ரேட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். மலிவான, எளிய பரிசோதனை. வரம்பைத் தாண்டினால் அந்த நீரைப் பாலுக்குத் தொடவே கூடாது என்றும் போடுங்கள்.

குழாய் நீரில் எங்கள் முதல் கவலை ஈயம். பழைய வீட்டுக் குழாய்களிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும் அது நீருக்குள் கசிகிறது. வெந்நீரில் இன்னும் வேகமாகக் கசிகிறது. இரவில் பசித்து அழும் குழந்தைக்கு அவசரமாகப் பால் கலக்கும்போது கெய்சர் குழாயைத் திறப்பது மிக இயல்பான காரியம். அது கூடாது என்று டின்னில் எழுதியிருந்தால் பலர் அந்தப் பழக்கத்துக்குப் போகவே மாட்டார்கள். குளிர்ந்த குழாயை மட்டும் திறக்க வேண்டும். இரவெல்லாம் குழாயில் தேங்கி நின்ற நீரைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். இதை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம்.

பாட்டில் நீரைப் பற்றியும் பெரிய மயக்கம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியது, மூடி முத்திரையிட்டது, ஆகவே கிருமி இல்லாதது என்று நம்புகிறார்கள். பாட்டில் நீர் கிருமி நீக்கப்பட்ட நீர் ஆகாது. கனிம நீர்களில் சிலவற்றில் சோடியமும் சல்பேட்டும் குழந்தையின் சிறுநீரகம் தாங்கும் அளவைவிட அதிகம். வேறு வழியின்றி பாட்டில் நீரைப் பயன்படுத்தினால் லிட்டருக்குச் சோடியம் 200 மில்லிகிராமுக்குக் குறைவாகவும், சல்பேட் 250-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்கிறது. ஜெர்மனி இன்னும் கடுமையானது. குழந்தை உணவு தயாரிக்க ஏற்றது என்று பாட்டிலில் அச்சிட வேண்டுமானால் சோடியம் 20, நைட்ரேட் 10, ஃப்ளூரைடு 0.7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு நாடு தண்ணீர் பாட்டிலின் மேல் இவ்வளவு தெளிவாக எழுத வைக்க முடிகிறதென்றால், பால் பவுடர் டின்னின் மேல் எழுத உங்களாலும் முடியும்.

ஆர்.ஓ. வடிகட்டியைப் பற்றி எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் நைட்ரேட்டையும் ஈயத்தையும் உப்பையும் அது பெருமளவு குறைக்கிறது. தாதுச்சத்து போய்விடுமே என்ற பயம் இங்கே தேவையில்லை, குழந்தைக்கு வேண்டிய தாதுக்களைப் பவுடரிலேயே அளந்து சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் குளோரின் நீங்கிய அந்த நீர் தொட்டியில் தங்கும்போது கிருமி வளர இடமுண்டு, ஆகவே அதையும் கொதிக்கவைக்க வேண்டும். கரி வடிகட்டி மட்டும் உள்ள ஜாடிகள் நைட்ரேட்டை நீக்குவதில்லை. நீரை மென்மையாக்கும் இயந்திரம் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை நீரில் சேர்த்துவிடுகிறது. குழந்தையின் பாலுக்கு அந்த நீர் வேண்டாம்.

இதுவரை எழுதியது எந்தத் தண்ணீர் என்பதைப் பற்றி. அது எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்பதில் நீங்கள் காட்டும் மௌனம் எனக்கு இதைவிட வருத்தம் தருகிறது.

உங்கள் பவுடர் கிருமியற்றது அல்ல. இது உங்களுக்கு நன்றாகத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. குரோனோபேக்டர் சகசாக்கி என்ற பாக்டீரியா உலர்ந்த பவுடரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சால்மொனெல்லாவும் அப்படியே. இத்தகைய தொற்று அரிதானது, ஆனால் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் வந்துவிட்டால் மூளைக்காய்ச்சல் வரை போகும், உயிரையும் எடுக்கும். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, பவுடரில் ஊற்றும் நீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது என்கிறது. அந்தச் சூடு தண்ணீருக்காகச் சொல்லப்பட்டது அன்று. பவுடரில் இருக்கும் கிருமியைக் கொல்வதற்காகச் சொல்லப்பட்டது. டின்னில் "ஆறவைத்த நீர்" என்று மட்டும் படிக்கும் பெற்றோர், இளஞ்சூட்டில் கலக்கிறார்கள். அந்த இளஞ்சூடு கிருமியைக் கொல்லாது, பெருகத்தான் உதவும்.

அவ்வளவு சூட்டில் வைட்டமின் சிறிது குறையும், சேர்த்திருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இறந்துவிடும் என்ற உங்கள் வாதம் எனக்குத் தெரியும். பிறந்த சில வாரக் குழந்தையின் உயிரோடு வைத்துப் பார்க்கையில் அதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல பாக்டீரியா சேர்த்திருப்பதைக் காட்டித் தண்ணீரின் சூட்டைக் குறைக்கச் சொல்வதாக இருந்தால், அந்தப் பவுடரை இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு என்று விற்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்கும் நோயெதிர்ப்புக் குறைந்த குழந்தைக்கும் கிருமி நீக்கப்பட்ட, கலந்தே வரும் திரவப் பால் கிடைத்தால் அதுவே மேல் என்பதையும் பவுடர் டின்னிலேயே சொல்லுங்கள்.

வீட்டில் வெப்பமானி இருக்காது. அதற்கும் வழி உண்டு: குறைந்தது ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, மூடியபடி அரைமணி நேரத்துக்கு மேல் போகாமல் ஆறவிட்டால் சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்காது. முதலில் நீர், அடுத்து பவுடர். கலந்த பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே கொடுக்க வேண்டும். வாய் வெந்துவிடும் அபாயம் உண்மையானது, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

நீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அளவு தவறினால் தீங்குதான். 1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெறும் பாட்டில் நீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. 2022-இல் அதே நாட்டில் பால் பவுடர் தட்டுப்பாடு வந்தபோது, தண்ணீர் கூட்டிக் கலக்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. பவுடர் தீர்ந்துபோகும் பயத்தில் இருக்கும் தாயின் கையில் அந்த நேரத்தில் இருப்பது உங்கள் டின் மட்டுமே. கூடுதல் நீர் ஏன் ஆபத்து என்று அதில் காரணத்தோடு இருக்க வேண்டும். ஒரு கரண்டிக்கு எவ்வளவு நீர் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பழைய டின்னின் கரண்டியைப் புதிய டின்னில் போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

இடமில்லை என்று சொல்லாதீர்கள். மூளை வளர்ச்சிக்கு என்றும் நோயெதிர்ப்புக்கு என்றும் விளம்பர வாசகங்கள் முன்பக்கத்தை நிரப்புகின்றன. 1981-இல் உலக சுகாதார மாமன்றம் (உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் அவை) ஏற்ற தாய்ப்பால் மாற்றுப்பொருள் விற்பனை நெறி, தயாரிக்கும் முறையையும் தவறாகத் தயாரித்தால் வரும் தீங்கையும் லேபிளில் எழுதச் சொல்கிறது. பவுடரில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை டின்னில் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று அதே மாமன்றம் 2005-இல் கேட்டுக்கொண்டது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

தாய்ப்பால்தான் சிறந்தது என்ற வாசகத்தை அச்சிட்டுவிட்டதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. தாய்ப்பால் கொடுக்க முடியாத தாய்மார் இருக்கிறார்கள், தாயை இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள், மருந்து காரணமாக நிறுத்தச் சொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை தண்ணீரைப் பற்றிய நேரான தகவல்.

கடைசியாக, உங்கள் வாடிக்கையாளர் உதவி எண்ணைப் பற்றி. நகரத்துக் குடிநீர் கெட்டுப்போகும் நாட்களில் எல்லா அறிவிப்பும் ஒன்றல்ல. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்பது ஓர் உத்தரவு. பயன்படுத்தவே வேண்டாம் என்பது முற்றிலும் வேறு. 2014-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஏரியில் பாசி நஞ்சு கலந்து, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் குழாய் நீரைக் கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கொதித்தால் அந்த நஞ்சு அழியாது, அடர்ந்துபோகும். இப்படி ஒரு நாளில் ஒரு தந்தை உங்கள் எண்ணை அழைத்தால், எடுக்கிறவர் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பயிற்சி கொடுங்கள். அடுத்த அச்சுக்கு லேபிளைத் திருத்தும்போது தண்ணீர்ப் பகுதியை எழுத எங்களைப் போன்ற ஆய்வுக்கூடத்தினரையும் குழந்தைகள் பிரிவுச் செவிலியரையும் கூப்பிடுங்கள். நிச்சயம் வருகிறோம்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பரிசோதனைக் கூடப் பணியாளர் ஒருவர்